ஒரு ‘ய’வுக்கு ஐந்து இலக்கம்

1993இல் ஓ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா கிடந்த என்னை அம்மா ரைப்பிங் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தா. திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. முன்விறாந்தையில் நாலு மெசின்கள். மூன்று ஆங்கிலம், ஒன்று தமிழ். ஆங்கில மெசின்களைக் கொழும்பில் வேலை பார்க்கும் கனவோடு வந்த அக்காமார் பிடித்துவிட்டார்கள். தமிழ் மெசின் ஆளில்லாமல் கிடந்தது. “தமிழ் அடிக்கத் தெரிஞ்சா கச்சேரியில எடுப்பாங்கள்” என்று அம்மா சொன்னா. கச்சேரி என்ற அந்த அரசாங்கக் கந்தோர் இன்றுவரை என்னை எடுக்கவில்லை.

ரீச்சர் ஒரு காலத்தில் அரசாங்க ரைப்பிஸ்ட். காலையில் வந்தவுடன் ஒவ்வொரு மெசினையும் பழைய துவாய்த் துண்டால் துடைத்து, தையல் மெசின் எண்ணெயில் ஒரு சொட்டு விடுவா. திருகோணமலைக் காற்றில் உப்பு இருக்கிறது. இரண்டு நாள் விட்டால் சாவிகள் இறுகிவிடும். நான் எடுத்த முதல் பாடம் ‘யளனக’. இடக்கையின் நாலு விரலுக்கு நாலு எழுத்து. வலக்கைக்குத் த, ம, ட, கடைசியாகச் சின்னி விரலுக்குக் குற்று. இந்தியாவில் புள்ளி என்பதை நாங்கள் குற்று என்போம். விரலை எங்கும் நகர்த்தாமல் இந்த எட்டுச் சாவிக்குள் அடிக்கக்கூடிய சொற்களைத்தான் முதலில் தருவா. தளம், மடம், கடன். நான் பிழையில்லாமல் அடித்த முதல் சொல் கடன். பின்னாளில் கணினிக் கடை போடலாம் என்று வங்கிக்குப் போனபோது அந்தப் பயிற்சி உதவியது.

குற்றில் ஒரு சங்கதி இருந்தது. மற்றச் சாவிகளைத் தட்டினால் கரியேஜ் ஓர் இடம் நகரும். குற்றுச் சாவியைத் தட்டினால் நகராது. கடதாசியில் மேலே ஒரு புள்ளி மட்டும் விழும், மெசின் அசையாமல் நிற்கும். பிறகு ‘ன’வைத் தட்ட, அது அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து குந்திக்கொள்ளும். ஆகவே ‘கடன்’ என்றால் க, ட, குற்று, ன. குற்று முதல், எழுத்து பிறகு. ஒரு மாதம் அடித்தபின் நான் கையால் எழுதும்போதும் குற்றை முதலில் வைத்துவிட்டு எழுத்தை எழுதத் தொடங்கியிருந்தேன்.

247 எழுத்தை நாற்பத்துச் சொச்சச் சாவிக்குள் அடக்கிய இந்த ஏற்பாட்டின் மூலவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியைச் சேர்ந்த ஆர். முத்தையா. மலாயாவுக்குப் போய் அங்கிருந்து தமிழ்த் தட்டச்சுக்கு வழி கண்டவர். அவருடைய சாதனையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: இரும்பில் ஒரு பல்லை எடுத்துவிட்டால் கரியேஜ் நகராது, குற்றுப் பிரச்சினை தீர்ந்தது. திருகோணமலைக் கச்சேரியில் அடித்தாலும் பினாங்கில் அடித்தாலும் அதே சாவி, அதே குற்று. எந்தக் கம்பனியின் இரும்பு என்று விரலுக்குத் தெரியவேண்டிய தேவையே இருக்கவில்லை. இதை அப்போது நான் ஒரு பெரிய விசயமாக நினைக்கவில்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. ரவுனில் ‘கொமினிகேஷன்’ கடைகள் முளைத்தன. வெளிநாட்டுக்குக் கோல், போட்டோக் கொப்பி, கொம்பியூட்டர் ரைப்பிங், எல்லாம் ஒரே தட்டிக்குப் பின்னால். தொண்டு நிறுவனங்கள் வாகனம் வாகனமாக வந்து இறங்கின; அவர்களுக்கு நாளுக்கொரு அறிக்கை மூன்று மொழியில் தேவைப்பட்டது. ‘யளனக’ தெரிந்த என்னைக் கதிரை போட்டு இருத்தினார்கள்.

அங்கேதான் பாமினி எழுத்துருவைக் கண்டேன். ஈழத்தவர் இருக்கும் நாடெல்லாம் அப்போது பாமினிதான். சாவிகள் ரைப்ரைட்டரை ஒட்டியே இருந்ததால் விரல்கள் வீடு திரும்பியதுபோலச் சந்தோசப்பட்டன. ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே எழுத்து முதல், குற்று பிறகு. ஒன்பது வருசப் பழக்கத்தைச் சின்னி விரல் மறக்க மூன்று மாதம் எடுத்தது. அதுவரை நான் அடித்த அறிக்கைகளில் குற்றெல்லாம் ஓர் எழுத்து முன்னால் தள்ளி நின்றன. அவற்றைப் படித்த எந்த அதிகாரியும் முறைப்பாடு செய்யவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

பாமினியின் சூட்சுமம் எளிது. கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று அடித்தால், கணினி அந்த ஐந்தையும்தான் நினைவில் வைக்கும். எழுத்துரு மட்டும் ஜேக்குத் ‘த’ படத்தையும், கேக்கு ‘ம’ படத்தையும், பிக்கு விசிறியையும் (ி), ஓவுக்கு ‘ழ’வையும், அரைப்புள்ளிக்குக் குற்றையும் காட்டும். திரையில் ‘தமிழ்’. உள்ளே முழுப் பொய். இந்தப் பொய்க்கு ஒரு பெரிய வசதி இருந்தது: எந்த இயங்குதளத்தில் ஆங்கிலம் அடிக்க முடியுமோ, அங்கெல்லாம் தமிழும் அடிக்கலாம். எழுத்துருவைப் போட்டால் போதும்.

போடாவிட்டால்? லண்டனில் இருந்த என் சித்தப்பா மகனுக்கு நாலு பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அம்மாவின் சுகயீனம், காணிப் பிரச்சினை, எல்லாம் விபரமாக. அடுத்த நாள் கோல் எடுத்தான். “என்னடா, எந்த பேங்க் பாஸ்வேர்ட் இது? இவ்வளவு நீளமா இருக்கு?”

மவுஸும் அந்தக் கடையில்தான் முதலில் கைக்கு வந்தது. அடியில் றப்பர் உருண்டை உள்ள மவுஸ். இரண்டு நாளுக்கொருமுறை உருண்டையைக் கழற்றி, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் உரித்து எடுக்கவேண்டும். ரீச்சர் எண்ணெய் விட்டதுபோல எனக்கும் ஒரு காலைக் கடமை கிடைத்தது. டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968இல் அமெரிக்காவில் ஒரு மேடையில் முதன்முதலாக உலகுக்கு மவுஸைக் காட்டினார். அவர் தாமாக நகம் வளர்த்தாரா தெரியாது. எனக்கு அந்தத் தொழிலுக்காக ஒரு பெருவிரல் நகம் இருந்தது.

பிறகு யூனிகோட் வந்தது. பொய் போய் மெய் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். தமிழுக்கென்று உண்மையான இலக்கங்கள். விண்டோஸ் 2000இலேயே தமிழ் உள்ளே வந்துவிட்டது. லண்டனுக்கு எழுதினால் லண்டனில் தமிழாகவே தெரியும். அது பெரிய விடுதலைதான், மறுக்கமாட்டேன். இதற்கிடையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.ரி. படிப்பில் சேர்ந்து, கோட் எழுதவும் பழகியிருந்தேன். அதுதான் வினை.

அன்புவழிபுரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ரைப்பிங் பயிற்சி மென்பொருள் செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். ரீச்சரின் ‘யளனக’ப் பாடங்களைக் கணினியில் போடவேண்டும், அவ்வளவுதான். யாரோ தானமாகக் கொடுத்த ஆறு பழைய கணினிகள் இருந்தன. நாலில் விண்டோஸ், இரண்டில் லினக்ஸ். மூன்று மாதம் போதும் என்று நினைத்தேன்.

முதல் வாரத்தில் நான் கண்டுபிடித்தது, ‘ஏ’ என்ற ஆங்கிலச் சாவிக்கு, அதாவது எங்கள் ‘ய’வுக்கு, இலக்கம் எத்தனை என்பதில் உலகம் ஒத்துப்போகவில்லை என்பது. விண்டோஸ் அதை 65 என்கிறது. லினக்ஸின் உட்கரு 30 என்கிறது. அதே லினக்ஸின் மேல் ஓடும் எக்ஸ் சாளர அமைப்பு 38 என்கிறது. அதன் நெறிமுறையில் எட்டுக்குக் கீழே சாவி இலக்கம் கிடையாது, ஆகவே உட்கரு சொன்னதோடு எட்டைக் கூட்டிக்கொள்கிறது. யூ.எஸ்.பி. வயருக்குள் போகும்போது அதே சாவி 4. ஒரே விறாந்தையில், ஒரே விரலால், ஒரே சாவியை அமுக்கினால் நாலு வீட்டுக்காரர் நாலு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஐந்தாவது இலக்கம் ஓகஸ்டில் வந்தது. லண்டன்காரனின் மகன் விடுமுறைக்கு ஒரு மக்புக்கோடு வந்து இறங்கினான். பெடியன் ஆர்வமாக என் மென்பொருளைத் தன் கணினியில் ஓடவைக்கக் கேட்டான். இரண்டு நாள் இருந்து அதையும் செய்தேன். ஓடவிட்டு ‘யளனக’ என்று அடித்தான். திரையில் ‘ளனக’ என்று விழுந்தது. மறுபடியும் அடித்தான். ‘ளனக’.

“பெரியப்பா, ய வருதில்ல.”

“வடிவா அமுக்கு.”

“அமுக்கினனான். மற்றதெல்லாம் வருது. ய மட்டும் இல்லை.”

சாவி பழுது என்றேன். வேறு மென்பொருளில் அடித்துக் காட்டினான். ஏ அழகாக விழுந்தது. அன்றிரவு முழுக்க முழித்திருந்தேன். விடியப்புறம் பிடிபட்டது. அப்பிளின் கணக்கில் அந்தச் சாவியின் இலக்கம் 0. பூச்சியம். நானோ என் கோட்டில், சாவி இலக்கம் பூச்சியமாக இருந்தால் ஒன்றும் அமுக்கப்படவில்லை என்று பொருள் என எழுதியிருந்தேன். பெடியன் ஒவ்வொரு முறையும் சரியாகவே ‘ய’ அடித்திருக்கிறான். என் மென்பொருள் ஒவ்வொரு முறையும், “நீ ஒன்றும் அடிக்கவில்லை” என்று சாதித்திருக்கிறது. ஒரு வரியைத் திருத்த மூன்று நிமிடம் எடுத்தது.

மவுஸின் நடப்பு இதைவிட மோசம். திரையில் சாவிப் பலகையின் படத்தைப் போட்டு, பிள்ளை ஓர் எழுத்தைக் கிளிக் செய்தால் அந்த எழுத்து மின்னும்படி வைத்திருந்தேன். விண்டோஸும் லினக்ஸும் திரையை மேல் மூலையிலிருந்து கீழ்நோக்கி அளக்கின்றன. மக்கின் சாளரம் கீழ் மூலையிலிருந்து மேல்நோக்கி அளக்கிறது. மேல்வரிசையில் கிளிக் செய்தால் கீழ்வரிசை மின்னியது. சக்கரத்தை உருட்டினால், விண்டோஸில் ஒரு பல்லுக்கு 120 என்று வரும். எக்ஸ் அமைப்பின் அடிப்படை நெறிமுறையில் சக்கரம் என்ற ஒன்றே கிடையாது. மேலே உருட்டினால் நாலாவது பொத்தான் அமுக்கப்பட்டது, கீழே உருட்டினால் ஐந்தாவது பொத்தான் அமுக்கப்பட்டது என்று செய்தி வரும். ஐந்து பொத்தான் உள்ள மவுஸை நான் கண்ணாலும் கண்டதில்லை. அப்பிள் 2011இல் உருட்டும் திசையையே தலைகீழாக்கி, அதற்கு ‘இயற்கையானது’ என்று பெயரும் வைத்தது. அதுவரை நாங்கள் எல்லோரும் செயற்கையாக உருட்டியிருக்கிறோம்.

கடைசியில் வீம்பை விட்டு எஸ்.டி.எல். நூலகத்தை எடுத்தேன். 1998இல் சாம் லன்ரிங்கா என்பவர் தொடங்கியது. விளையாட்டு மென்பொருள்களை ஓர் இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறவர்களின் தலைவலிக்கு மருந்து. இந்த இலக்கச் சண்டைகளை அது தன் தலையில் போட்டுக்கொள்கிறது. அதைவிட முக்கியமாக எனக்கு ஒன்றைப் புரியவைத்தது: சாவி இருக்கும் இடம் ஒன்று, அந்தச் சாவியின் பெயர் இன்னொன்று, அதனால் விழும் எழுத்து மூன்றாவது. மூன்றையும் வேறு வேறாகக் கேட்கவேண்டும். ரீச்சர் இதைத்தான் “சாவியைப் பாராதே, கடதாசியைப் பார்” என்று அடிக்கடி சொல்லுவா. நான் கண்களுக்குச் சொன்ன புத்திமதி என்று நினைத்திருந்தேன்.

ஆனால் தமிழ் இருக்கிறதே, அதை எந்த நூலகமும் தன் தலையில் போட்டுக்கொள்வதில்லை. ‘கொக்கு’ என்ற சொல்லை எடுங்கள். ரைப்ரைட்டரில் கொம்பு (ெ), க, அரவு (ா), குற்று, க, கு. கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கு. யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பிறகுதான் சேமிக்கப்படும். இலங்கையின் தரமாக உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை ரைப்ரைட்டர் வழி வந்தது. அப்படிக் கொம்பை முதலில் அடிக்கப் பழகிய விரலுக்கு, கொம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, ‘க’ வந்ததும் இடம்மாற்றிக் கொடுக்க ஒருவர் இடையில் இருக்கவேண்டும். விண்டோஸின் சாதாரண விசைப்பலகைக் கோப்பில் இது நடவாது. காத்திருக்கும் சாவியும் அடுத்த சாவியும் சேர்ந்து ஒரேயொரு குறியைத்தான் தரலாம் என்பது அதன் சட்டம். எங்களுக்குத் தேவை இரண்டு. மக்கில் ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பிலேயே எழுதிவிடலாம். லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்று தரகர்கள் இருக்கிறார்கள். விண்டோஸுக்காகத்தான் இ-கலப்பை, கீமேன் போன்றவை சாவிகளை வழிமறித்து வேலை செய்கின்றன. கீமேன், மார்க் டேர்டின் என்பவர் லாவோ மொழிக்காக எழுதத் தொடங்கியது. நாங்கள் அயல்வீட்டு ஏணியில் ஏறியிருக்கிறோம்.

ஆக, முத்தையாவின் இரும்பில் இல்லாமலே இருந்த ஒரு பிரச்சினையை நாங்கள் மூன்று இடத்தில் மூன்று விதமாகத் தீர்க்கிறோம். வளர்ச்சி என்றால் சும்மாவா!

கொக்கோடு கதை முடியவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி லினக்ஸ் கணினியில் இருந்தாள். திரையில் ‘கொக்கு’ என்று காட்டியது; அவளும் ‘கொக்கு’ என்று அடித்தாள். பிழை என்று சிவப்பு விழுந்தது. திரும்ப அடித்தாள், திரும்பச் சிவப்பு. மூன்றாம் முறையும் விழுந்தபோது கண் கலங்கிவிட்டது. “சேர், நான் சரியாத்தான் அடிச்சனான்.” நான் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். மேலே ஒரு கொக்கு, கீழே ஒரு கொக்கு. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் உள்ளே இருந்தது. ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வுக்குப் பிறகு ஒகரக் குறி என்று ஒற்றை இலக்கம் போடலாம், அல்லது கொம்பு, அரவு என்று இரண்டு இலக்கம் போடலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் சொல்கிறது, ஆனால் ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது கோட் எழுதுகிறவன் பாடு. நான் பாடத்தை விண்டோஸில் அடித்தபோது ஒற்றையாக விழுந்திருக்கிறது, அவளுக்கு அந்தத் தரகர் இரண்டாகக் கொடுத்திருக்கிறார். திருத்திவிட்டு அடுத்த கிழமை அவளுக்குப் பழைய புள்ளிகளைக் கூட்டிக் கொடுத்தேன். அவள் அதன்பிறகு என் மென்பொருளை நம்பவில்லை. அடித்து முடிந்ததும் திரையைப் பாராமல் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

இந்தக் காலத்தில் இன்னொன்றும் வந்திருக்கிறது. முன்பு பெரும்பாலும் எந்த மென்பொருளும் எந்தச் சாவியையும் ஒட்டுக் கேட்கலாம். இப்போது அப்பிள் 2019 முதல், சாவிகளைக் கவனிக்க வேண்டுமானால் பாவிக்கிறவரிடம் தனியாக அனுமதி வாங்கு என்கிறது. லினக்ஸின் புதிய வேலண்ட் ஏற்பாடு, அடுத்த சாளரத்துச் சாவி உனக்கு எதற்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறது. களவாகப் பாஸ்வேர்ட் எடுக்கிறவர்களைத் தடுக்க அது நியாயம்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு அதைப் பார்த்தவுடன் கை தானாகச் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடும். றோட்டில் இருந்த சோதனைச் சாவடிகளைக் கழற்றிவிட்டார்கள். கணினிக்குள் ஒன்று போட்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் இப்போது கணினி இல்லை, போன்தான். ஆகவே மென்பொருளை உலாவியில் ஓடும்படி மாற்றினேன். அன்ட்ரொய்ட் போனில் போட்டுப் பார்த்தேன். ‘ய’ அமுக்கினால் 229. ‘ள’ அமுக்கினால் 229. க, ம, ட, குற்று, பெரும்பாலும் எல்லாம் 229. தொடுதிரை விசைப்பலகை உள்ளே ஏதோ எழுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறது, பிறகு வந்து கேள் என்பதற்கு அந்த இலக்கம். ஐந்து இலக்கத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு இப்போது எல்லாச் சாவிக்கும் ஒரே இலக்கம். ஒற்றுமை வந்துவிட்டது, தகவல்தான் இல்லை.

போன மாதம் ரீச்சரைப் பார்க்கப் போனேன். எண்பத்து நாலு வயது. கண் கொஞ்சம் மங்கல், விரல் மங்கவில்லை. மடிக்கணினியை மேசையில் வைத்து, “உங்கட பாடம்தான் ரீச்சர், அடிச்சுப் பாருங்கோ” என்றேன். கதிரையை இழுத்து நிமிர்ந்து இருந்து, மணிக்கட்டை உயர்த்தி, க, ட, குற்று, ன என்று அடித்தா. திரையில் குற்று ‘ட’வின் தலையில் ஏறியது. சிவப்பு விழுந்தது.

“நான் பிழையோ, உன்ர மெசின் பிழையோ?”

மெசின்தான் ரீச்சர் என்றேன். குற்று முன்னால் வரும் பழைய முறையையும் சேர்த்துத் தருகிறேன் என்றேன். மூன்று இயங்குதளத்துக்கும் செய்ய இரண்டு மாதம் எடுக்கும் என்றும் சொன்னேன்.

“அதெல்லாம் உனக்கேன் தம்பி வீண் வேலை” என்று எழும்பி உள்ளே போய், சீலைத் துண்டு போர்த்தி வைத்திருந்த தமிழ் மெசினைக் காட்டினா. தையல் எண்ணெய் மணத்தது. சாவிகள் எல்லாம் ஓடின. கடதாசியைச் செருகி ‘கடன்’ என்று அடித்தேன். எழுத்து பள்ளமாக விழுந்தது, மை விழவில்லை.

ரிப்பன் காய்ந்துவிட்டது. அரை அங்குல அகலம், கறுப்பு. திருகோணமலைக் கடைகளில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ கந்தோர் அலுமாரியிலோ உடைக்காத ரிப்பன் ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அன்புவழிபுரத்தில் ஆள் இருக்கிறது.